கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.க்கு இந்த டிசம்பரிலேயே விண்ணப்பிக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அமெரிக்காவில் உளவியலில் இளங்கலை முடித்திருக்கிறீர்கள். ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 4.0க்கு 3.6. ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் ஒரு செமஸ்டர் வேலை பார்த்திருக்கிறீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் ஓராண்டாகத் தன்னார்வலராக இருக்கிறீர்கள். வருகிற டிசம்பரில் கிளினிக்கல் சைக்காலஜி பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போட்டால் இடம் கிடைக்குமா, மாஸ்டர்ஸ் முடித்துவிட்டுப் போடுவது நல்லதா, சைடி (PsyD, சிகிச்சைப் பயிற்சியை மையமாகக் கொண்ட முனைவர் பட்டம்) பட்டத்துக்குப் போனால் எளிதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், "தெரபிஸ்ட் ஆக வேண்டும், அதற்கு இதுதானே வழி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இடம் கிடைக்குமா என்பதைவிட அந்தக் கடைசி வரிதான் பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் இந்தப் படிப்பைப் படித்து, உரிமம் வாங்கி, பல ஆண்டுகளாக ஒரு கிளினிக்கல் துறையின் மாணவர் தேர்வில் பங்கெடுத்து வருகிறேன். எனக்கு நேரடியாகத் தெரிந்தது, பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும், ஃபண்டிங் (கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும்) உள்ள பிஎச்.டி. திட்டங்கள்தான். சைடி பற்றி நான் சொல்வது சக ஊழியர்களிடமும் அதைப் படித்தவர்களிடமும் கேட்டு அறிந்தது. அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரபி செய்ய முனைவர் பட்டம் தேவையில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சமூகப் பணியில் மாஸ்டர்ஸ், கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ், குடும்ப சிகிச்சையில் மாஸ்டர்ஸ் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுப் படிப்பு, அதன்பின் மேற்பார்வையில் சில ஆயிரம் மணிநேரப் பணி, ஒரு தேர்வு. அதை முடித்தால் சொந்தமாக கிளினிக் வைத்து ஆட்களைப் பார்க்கலாம். மணிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். முனைவர் பட்டம் கூடுதலாகத் தருவது வேறு: நுண்ணறிவு, நினைவாற்றல், ஆளுமை போன்றவற்றை அளக்கும் முழுமையான உளவியல் மதிப்பீடு, ஆய்வு நடத்துவது, பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது, புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தருவது, சட்டப்படி "சைக்காலஜிஸ்ட்" என்று போட்டுக்கொள்ளும் உரிமை. இவற்றில் எதுவும் உங்களை இழுக்கவில்லை, வாரம் முழுக்க ஆட்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் ஆசை என்றால், மாஸ்டர்ஸ் வழி உங்களை அங்கே பாதிக் காலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைக் குறைந்த வழி என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த மிகச் சிறந்த தெரபிஸ்ட்கள் சிலர் சமூகப் பணி படித்தவர்கள்.

பிஎச்.டி. ஏன் இப்படி ஆய்வைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான படைவீரர்கள் மனநலச் சிகிச்சை தேவைப்பட்ட நிலையில் திரும்பி வந்தார்கள். உளவியலாளர்களைப் பெரிய அளவில் உருவாக்க வேண்டிய நெருக்கடியில், 1949இல் கொலராடோவின் போல்டரில் ஒரு மாநாடு நடந்தது. கிளினிக்கல் உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று அங்கே முடிவானது. சிகிச்சை செய்ய வருபவர்களுக்கு இவ்வளவு ஆய்வு தேவையா என்ற வாதம் பின்னர் எழுந்தது. 1973இல் அதே மாநிலத்தின் வேய்ல் நகரில் நடந்த மாநாடு, சிகிச்சையை மையமாகக் கொண்ட சைடி பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு உண்டு. அறிவியலுக்கே முதலிடம் என்று சொல்லும் திட்டங்கள் சேர்ந்து 2007இல் பிசிஎஸ்ஏஎஸ் என்ற தனி அங்கீகார அமைப்பைத் தொடங்கின. ஆகவே எல்லாத் திட்டமும் ஒன்றல்ல. இணையப் பக்கத்தில் "கிளினிக்கல் சயின்ஸ்" என்று போட்டிருக்கும் இடத்துக்குப் போய், "எனக்குத் தனி கிளினிக் வைக்க ஆசை" என்று எழுதினால் அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது தேர்வு எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். வெளியே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத இடம் இதுதான். ஃபண்டிங் உள்ள ஒரு பிஎச்.டி. திட்டத்துக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வரும். பெயர்பெற்ற இடங்களில் இன்னும் கூடுதலாகவே வரும். சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் 5 முதல் 10 பேர். அந்தப் பத்துப் பேரையும் மதிப்பெண் வரிசைப்படி மேலிருந்து எடுப்பதில்லை. பெரும்பாலான திட்டங்களில் ஒவ்வொரு பேராசிரியரும் தன் ஆய்வகத்துக்கு ஒருவரை எடுக்கிறார், சில ஆண்டுகளில் யாரையும் எடுப்பதில்லை. உங்கள் விண்ணப்பத்தில் யாருடைய பெயரை வழிகாட்டி என்று குறிப்பிட்டீர்களோ அவருடைய மேசைக்குத்தான் அது போகும். அவர் பதின்பருவத்தினரின் மனச்சோர்வைப் பற்றி ஆய்வு செய்கிறார், நீங்களும் அதையே கேள்வியாகக் கொண்டிருக்கிறீர்கள் என்றால் 3.6 ஒரு தடையே இல்லை. அவர் முதியவர்களின் நினைவிழப்பை ஆராய்பவராக இருந்தால் 4.0 இருந்தும் பயனில்லை. மதிப்பெண் ஒரு வாசலைத் தாண்ட உதவும், அதற்கு மேல் அது பேசாது. மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யின் நிலைமையும் மாறிவிட்டது. 2020க்குப் பின் பல துறைகள் அதைக் கேட்பதை விட்டுவிட்டன, சில இன்னும் கேட்கின்றன. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் இந்த ஆண்டுக்கான விதியைத் தனித்தனியாகப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் உங்கள் விண்ணப்பத்தின் உண்மையான இடைவெளி ஜி.பி.ஏ. அல்ல, அந்த ஒரு செமஸ்டர் ஆய்வு அனுபவம். உதவி எண்ணில் நீங்கள் செய்யும் பணி அருமையானது, அதை விட வேண்டாம். இரவு 2 மணிக்கு முன்பின் தெரியாத ஒருவரின் அழுகையை அமைதியாகக் கேட்கப் பழகியவர் என்பது எங்கள் துறையில் பெரிய விஷயம். ஆனால் பிஎச்.டி. தேர்வில் அது துணைச் சான்றுதான். உங்களோடு போட்டியிடுபவர்களில் பலர் பட்டம் முடித்து ஓரிரு ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் முழுநேர ஊழியராக வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். சம்பளத்தோடு கூடிய ஆய்வு உதவியாளர் அல்லது ஆய்வக ஒருங்கிணைப்பாளர் வேலை அது. பங்கேற்பாளர்களை அழைப்பது, நேர்காணல் எடுப்பது, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது, தரவைச் சுத்தம் செய்வது, ஒரு மாநாட்டில் ஆய்வு முடிவைச் சுவரொட்டியாக வைப்பது என்று எல்லாம் பழகியிருப்பார்கள். என் கருத்தில் நீங்கள் இந்த டிசம்பரை விட்டுவிட்டு அப்படியொரு வேலையைத் தேடுவது நல்லது. ஒரு செமஸ்டர்தான் என்றாலும் அந்தப் பேராசிரியர் உங்களை நன்றாக அறிந்தவர், அவருடைய துறைக்கும் உங்கள் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்றால் மட்டும் மூன்று நான்கு இடங்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

மாஸ்டர்ஸ் முதலில் படிக்கலாமா? பெரும்பாலான பிஎச்.டி. திட்டங்களுக்கு அது தேவையில்லை, உள்ளே வந்தபின் வழியிலேயே மாஸ்டர்ஸ் கொடுத்துவிடுவார்கள். வெளியே படித்த மாஸ்டர்ஸால் பிஎச்.டி. காலம் பெரிதாகக் குறைவதும் இல்லை. இளங்கலை வேறு துறையில் இருந்தாலோ, ஜி.பி.ஏ. நிஜமாகவே தாழ்வாக இருந்தாலோ, ஆய்வறிக்கை எழுதவைக்கும் மாஸ்டர்ஸ் உதவும். உங்கள் நிலையில் கடன் வாங்கி அதைப் படிப்பதைவிட, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆய்வகத்தில் இருப்பது மேல். அதில் இன்னொரு நன்மையும் உண்டு. தரவுக் கோப்புகளோடு ஓராண்டு உட்கார்ந்து பார்த்தால், இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் லாபம்தான், ஆறு ஆண்டுகளை இழப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அந்த வேலையிலிருந்துதான் நல்ல பரிந்துரைக் கடிதமும் வரும். "என் வகுப்பில் ஏ வாங்கினார், ஆர்வமுள்ள மாணவர்" என்ற கடிதம் தீங்கு செய்யாது, ஆனால் அதைப் படித்து முடித்தபின் எங்களுக்கு எதுவும் நினைவில் நிற்காது. "இரண்டு கோப்புகளை இணைக்கும்போது சில பங்கேற்பாளர்களின் எண்கள் இடம் மாறியிருப்பதை இவர்தான் கண்டுபிடித்தார். யாரும் சொல்லாமலே பழைய தாள் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்" என்று எழுதியிருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அப்படி எழுத வேண்டுமானால் எழுதுபவர் உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். மூன்று கடிதங்களில் குறைந்தது இரண்டு அந்த வகையாக இருக்கட்டும். மூன்றாவது உதவி எண்ணின் மேற்பார்வையாளருடையதாக இருக்கலாம்.

எஸ்.ஓ.பி., அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கட்டுரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "சிறு வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவுவதில் எனக்கு நிறைவு" என்று தொடங்கும் எஸ்.ஓ.பி.கள் ஏராளமாக வருகின்றன. அது உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்த வாக்கியத்தை நர்ஸும் எழுதலாம், ஆசிரியரும் எழுதலாம். நான் தேடுவது ஒரு கேள்வி. உதாரணத்துக்கு இப்படி ஒரு பத்தி: "பதின்பருவத்தினரிடம் வாரக் கடைசியில் தற்கொலை எண்ணம் வந்ததா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். அதே வாரம் கைபேசியில் தினம் பலமுறை கேட்ட பதில்களில் சில மணிநேரம் ஏறி இறங்கிய எண்ணம் பதிவாகியிருக்கிறது. ஏறி இறங்கியதை அவர்கள் மறந்துவிடுகிறார்களா, நேரில் சொல்லத் தயங்குகிறார்களா? இரண்டையும் பிரித்தறிய எப்படி ஓர் ஆய்வை அமைப்பது என்று கற்க விரும்புகிறேன்." இதில் பெரிய சொல் எதுவும் இல்லை, உதவ வேண்டும் என்ற ஆசையைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் இவர் தரவைக் கையால் தொட்டவர், இவரோடு ஐந்தாறு ஆண்டு பேசிக்கொண்டிருக்கலாம் என்று வழிகாட்டிக்குத் தோன்றிவிடும். உதவி எண்ணில் கேட்டவை உங்களுக்கு இப்படியான கேள்விகளைத் தந்திருக்கும். அந்தக் கேள்விகளை எழுதுங்கள். அழைத்தவர்களின் கதைகளை, பெயரை மாற்றிக்கூட, எழுதாதீர்கள். ரகசியம் காப்பவரா என்பதை நாங்கள் அங்கேயே பார்க்கிறோம்.

சொந்த மனநல அனுபவத்தை எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த இடத்தில் பலருக்கும் வரும் கேள்வி அது. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் உளவியல் மேற்படிப்புத் தேர்வுக் குழுத் தலைவர்களிடம் எதனால் விண்ணப்பங்கள் கவிழ்கின்றன என்று கேட்டு 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எஸ்.ஓ.பி.யில் தன் மனநலத்தைப் பற்றி அதிகம் வெளிப்படுத்துவது அந்தப் பட்டியலில் இருந்தது. இன்னொரு பக்கம், சாரா விக்டரும் சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கிளினிக்கல், கவுன்சலிங், பள்ளி உளவியல் துறைகளின் ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பதில் சொன்னவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலச் சிக்கலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தற்கொலை எண்ணமும் தீவிர உணர்ச்சிக் கொந்தளிப்பும் உள்ளவர்களுக்கான டிபிடி சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹான் தன் இளம்வயதில் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்படியிருக்க, விண்ணப்பிப்பவர் மட்டும் மறைக்க வேண்டியிருப்பது நியாயமா? நியாயமில்லை என்றே நினைக்கிறேன், துறை மாற வேண்டும் என்றும் விரும்புகிறேன். 2006க்குப் பிறகு மனநிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதில் சக ஊழியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதனால் என் அறிவுரை முன்னெச்சரிக்கையானது: அனுபவம் உங்கள் ஆய்வுக் கேள்விக்கு நேரடியாகத் தேவைப்பட்டால் ஒரு வரி போதும், மற்றபடி விட்டுவிடுங்கள். யார் படிப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

செப்டம்பர் வாக்கில் பேராசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது வழக்கம். நான்கைந்து வரி போதும்: நீங்கள் யார், எந்த ஆய்வகத்தில் இருக்கிறீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையிலிருந்து உங்களுக்கு என்ன கேள்வி வந்தது, வருகிற ஆண்டு மாணவர் எடுக்கிறாரா. அதற்கு முன் அவருடைய பக்கத்தைப் பாருங்கள், "இந்த ஆண்டு எடுக்கவில்லை" என்று பலர் அங்கேயே எழுதியிருப்பார்கள். பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம், பலர் யாருக்குமே பதில் போடுவதில்லை. 2025இல் கூட்டரசின் ஆய்வு நிதி ஆட்டம் கண்டபோது சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன, சில நிறுத்தியே வைத்தன. அதனால் "எடுக்கிறாரா" என்ற கேள்வி முன்பைவிட இப்போது முக்கியம்.

சைடிக்கு வருகிறேன். சேர்க்கும் எண்ணிக்கை பல இடங்களில் அதிகம், ஆகவே இடம் கிடைப்பது பொதுவாக எளிது. ஆனால் கட்டணம் உங்கள் தலையில். ஃபண்டிங் உள்ள பிஎச்.டி.யில் கல்விக் கட்டணம் தள்ளுபடி ஆகி, கற்பித்தல் அல்லது ஆய்வு வேலைக்கு ஒரு ஸ்டைபண்டும் (வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை) வரும். சைடியில் பேய்லர் பல்கலைக்கழகம் போல உதவித்தொகை தரும் திட்டங்கள் உண்டு, ஆனால் அவை விதிவிலக்கு. பல்கலைக்கழகம் சாராத பல தனித்த கல்லூரிகளில் படிப்பு முடியும்போது ஒரு லட்சம் டாலரையும் தாண்டிய கடனோடு வெளியே வருகிறார்கள். 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டரசுக் கடன் கிடையாது, மற்ற கூட்டரசுக் கடன்களுக்கும் புதிய உச்சவரம்பு வந்துவிட்டது. மிச்சத்தைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டியிருக்கும். சைடி நல்ல பட்டம், சிகிச்சைப் பயிற்சி அதில் ஆழமாகவே கிடைக்கும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பிஎச்.டி. கிடைக்காததால் அதற்குப் போவது என்றால், மாஸ்டர்ஸ் வழியை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எந்தத் திட்டமாக இருந்தாலும் பார்க்க வேண்டிய ஒரு பக்கம் உண்டு. ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் திட்டமும் தன் புள்ளிவிவரங்களைப் பொதுவில் வெளியிட்டே ஆக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டில் முடிக்கிறார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேர் உரிமம் வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது இன்டர்ன்ஷிப் வரிசை. முனைவர் பட்டம் வாங்கும் முன் ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். அதற்கு இன்டர்ன்ஷிப் மையங்களின் கூட்டமைப்பான ஏபிபிஐசி, மாணவர்களின் விருப்பத்தையும் மையங்களின் விருப்பத்தையும் பொருத்தி இடம் ஒதுக்கும் ஏற்பாட்டை நாடு முழுவதற்குமாக நடத்துகிறது. 2012 வாக்கில் இடங்களுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது, பின்னர் அது பெருமளவு தீர்ந்துவிட்டது. இன்றைய நிலையிலும் ஒரு திட்டத்தின் மாணவர்களில் பலருக்கு அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப் கிடைப்பதில்லை என்றால் அந்தத் திட்டத்தில்தான் கோளாறு. அங்கீகாரமே இல்லாத திட்டத்தைத் தொடவே வேண்டாம், உரிமம் வாங்கும் நேரத்தில் பல மாநிலங்களில் கதவு மூடிவிடும்.

உங்கள் குடியுரிமை நிலையை நீங்கள் எழுதவில்லை. மாணவர் விசாவில் இருப்பவராக இருந்தால் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் உளவியலாளர்களுக்கு மிக அதிகமாகப் பயிற்சி தருவது முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகள், ஆனால் அங்கே பயிற்சி பெற அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார ஆய்வு அமைப்பான என்ஐஎச் தரும் எஃப்31 என்ற முனைவர் மாணவர் நிதிக்குக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். இவை இல்லாமலும் பலர் படித்து முடிக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களை முன்பு எடுத்திருக்கிறார்களா, அவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று நேர்காணலில் நேராகவே கேளுங்கள்.

நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும். வழிகாட்டி மட்டுமல்ல, அவருடைய இப்போதைய மாணவர்களும் உங்களோடு பேசுவார்கள், அவர்கள் சொல்வதற்கு எங்கள் கூட்டத்தில் மதிப்பு உண்டு. நீங்களும் அவர்களிடம்தான் உண்மையான நிலவரத்தைக் கேட்க முடியும். அவர் மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் போடுகிறார், கட்டுரையில் முதல் பெயர் யாருக்குப் போகிறது, ஸ்டைபண்டில் வாடகை கொடுக்க முடிகிறதா, யாராவது பாதியில் ஆய்வகம் மாறினார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் தரும் அழைப்புகள் பிப்ரவரியிலிருந்து வரத் தொடங்கும். ஃபண்டிங்கோடு வந்த அழைப்புக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை உங்களுக்கு நேரம் உண்டு. இது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பொது உடன்பாடு, அதற்கு முன் யாராவது நெருக்கினால் இந்தத் தேதியை மரியாதையாக நினைவூட்டலாம். காத்திருப்போர் பட்டியலில் இருந்தால், மாதக்கணக்கில் அசையாத பட்டியல் கடைசி இரண்டு மூன்று நாளில் சட்டென்று நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு அழைப்புகள் கையில் இருந்து ஒன்றுக்குப் போகப்போவதில்லை என்று தெளிவாகிவிட்டால், அதை அன்றைக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு அடுத்து நிற்பவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.